வன்னிக்கு ஊழியம் செய்ய வரும் மூத்த தம்பதியருக்கு

கனடாவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் வேலை செய்து ஓய்வுபெற்றபின், ஒன்றோ ஒன்றரையோ வருடம் வட இலங்கையின் வன்னியில் தங்கிச் சபைக்கு உதவுவோம் என்று வெளிக்கிடும் தம்பதியருக்காக இதை எழுதுகிறோம். வருகிறவர்களில் கனபேர் யாழ்ப்பாணத்தில் பிறந்து எண்பதுகளில் வெளிநாடு போனவர்கள். ‘எங்கட ஊர்தானே, தெரியாததா’ என்ற நினைப்போடு வருவார்கள். அந்த நினைப்பை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். குடாநாட்டில் வளர்ந்தவருக்கும் வன்னியின் தண்ணீர் புதிது, தூரம் புதிது, வீடுகளுக்குள் இருக்கும் கதைகள் அதைவிடப் புதிது.

வெளிக்கிட முன்

முதலில் விசா. சுற்றுலா விசாவில் வந்து சபை வேலை செய்யக் கூடாது. உங்களை அழைக்கும் திருச்சபை, கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் சிபாரிசோடு குடிவரவுத் திணைக்களத்தில் வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த வேலையை ஆறு மாதம் முன்பே தொடங்கச் சொல்லுங்கள். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு விசாத் தொல்லை இல்லை. ஆனால் கணவருக்கு இருந்து மனைவிக்கு இல்லாவிட்டால் மனைவிக்குத் தனியாக அலுவல் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

கடதாசிகள் இழுபடுவதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கும். கடவுச்சீட்டில் அதே பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் போயிருக்கும். கலியாணச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். மூன்றையும் மேசையில் பரப்பி ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒரே ஆளின் பெயர்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கையில் வைத்திருங்கள்.

வந்து இறங்க நல்ல காலம் தை மாதக் கடைசி, மாசித் தொடக்கம். மாரி மழை ஓய்ந்திருக்கும், காலபோக நெல் அறுவடைக்கு வந்திருக்கும், இரவில் போர்வை தேவைப்படும். சித்திரை வெயில் ஏறுவதற்குள் உடம்பு பழகிவிடும். கார்த்திகையில் வந்தால் வெள்ளமும் டெங்கும். ஆடி, ஆவணியில் வந்தால் சோளகக் காற்றுப் புழுதியும் கிணற்றடி தெரியும் வறட்சியும். இரண்டுமே வயதுபோனவர் முதல் மாதத்தில் சந்திக்க வேண்டியவை அல்ல.

பெட்டியில் உடுப்பைக் குறையுங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நல்ல பருத்தி உடுப்பு வாங்கலாம். இங்கே கிடைக்காததைத்தான் சுமக்க வேண்டும். குளுக்கோஸ் மீற்றர் கொண்டு வருவதென்றால் அதற்குரிய பட்டிகளையும் தங்கும் காலம் முழுவதற்கும் கணக்குப் பார்த்துக் கொண்டு வாருங்கள். உங்கள் மீற்றருக்குப் பொருந்தும் பட்டி இங்கே கிடைக்கும் என்று நம்பக் கூடாது. மேலதிக மூக்குக்கண்ணாடி ஒவ்வொருவருக்கும் ஒன்று. காது கேட்கும் கருவி இருந்தால் அதன் பற்றரி. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. மருந்து மூன்று மாதத்துக்கு, கம்பனிப் பெட்டியோடும் வைத்தியர் எழுதிய துண்டோடும். துண்டில் வியாபாரப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரும் இருக்க வேண்டும், ஏனென்றால் அதே மருந்து இங்கே வேறு பெயரில் விற்கப்படும். மருந்தை இரண்டாகப் பிரித்து இருவரின் கைப்பைகளிலும் வையுங்கள்.

பாதணி எடுக்கும்போது யோசியுங்கள். இங்கே பல ஆலயங்களிலும் எல்லா வீடுகளிலும் வாசலில் கழற்ற வேண்டும். குனிந்து வார் கட்டும் சப்பாத்தோடு நாளைக்குப் பத்துத் தரம் மல்லுக்கட்ட முடியாது. பின்வார் உள்ள, ஒட்டிக் கழற்றும் செருப்புத்தான் சரி. பின்வார் இல்லாத வெறும் செருப்பைப்போல் வழுகாது, காலையும் பிடித்திருக்கும். செத்தவீட்டுக்குப் போக வெள்ளைச் சேலையும் வேட்டியும் ஒவ்வொன்று இருக்கட்டும். மற்ற நாட்களுக்கு வெள்ளை வேண்டாம். செம்மண் புழுதி ஒரே கிழமையில் அதைக் காவியாக்கிவிடும்.

வீடு பார்க்கும்போது

மிஷன் வீடு ஆயத்தமாக இருக்கிறது என்று கடிதம் வந்தாலும் ஐந்து விஷயங்களைக் கேட்டுப் பதில் எடுங்கள். கூரை ஓடா, சீற்றா? சீற்றுக் கூரைக்குக் கீழே பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை படுக்க முடியாது. மலசலகூடம் கதிரை வைத்ததா, குந்துவதா? குந்துவதென்றால் வரமுதலே மாற்றச் சொல்லுங்கள். சுவரில் பிடிகம்பி ஒன்றும் அடிக்கச் சொல்லுங்கள். குளிப்பது கிணற்றடியிலா, உள்ளேயா? கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடித்திருந்தால் இடுப்பெலும்பு போய்விடும். கிழமைக்கு ஒருதரம் தும்புத்தடியால் தேய்க்க வேண்டும், வாளியை அரைவாசிக்கு மேல் நிரப்பக் கூடாது, இருந்து குளிக்க ஒரு பிளாஸ்ரிக் கதிரை வேண்டும். கட்டில் இருக்கிறதா? பக்கத்து வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்களா?

கட்டிலைப் பற்றிக் கேட்பது சொகுசுக்காக அல்ல. எண்ணெய் விரியன் இரவில் வீட்டுக்குள் வரும் பாம்பு. நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடம் வலிப்பதும் குறைவு, அடையாளமும் தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலியோடும் கண் இமை தொங்கியும் எழும்பும்போதுதான் விளங்கும். ஆகவே கட்டில், அதன்மேல் நுளம்பு வலை, வலையின் ஓரம் மெத்தைக்குக் கீழே செருகியபடி. தலைமாட்டில் ரோர்ச் லைற் ஒன்று எப்போதும். இரவு கால் நிலத்தில் வைக்க முன் வெளிச்சம். செருப்பைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும்; மட்டத்தேளும் தேளும் அதற்குள் சுருண்டு கிடக்கும்.

மின்சாரம் 230 வோல்ற். பழைய வீடுகளில் உருண்டை ஊசிச் செருகிகள், புதியவற்றில் இங்கிலாந்தில் இருப்பதுபோல் சதுர ஊசி. வட அமெரிக்கக் கருவிகள் 110 வோல்ற்றுக்கு மட்டும் செய்யப்பட்டவையா என்று அடியில் பார்த்துவிட்டுச் செருகுங்கள். மூச்சுக்கருவி பாவிப்பவர்கள் மின்வெட்டை யோசித்து பற்றரி வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர்

வன்னியின் பல பகுதிகளில் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கரைந்திருக்கும் உப்புகள் போகா. தண்ணீர் வற்ற வற்ற அவை செறிவாகத்தான் ஆகும். வவுனியாப் பக்கம் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிற பிரதேசம். குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரிப்பு நிலையத்துக் கான் தண்ணீர் எடுங்கள், மற்றதற்குக் கிணறு. இருபது லீற்றர்க் கானைத் தூக்க வேண்டாம், கொண்டு வரும் பெடியனிடம் சொன்னால் ஸ்ராண்டில் ஏற்றிவிட்டுப் போவான்.

கூரைமேல் கறுப்புத் தாங்கி இருந்தால் மத்தியானத்தில் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும். காலை எட்டு மணிக்கு முன் குளித்து முடியுங்கள். தாங்கியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவிக்க வேண்டும். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் இறைத்துக் குளோரின் போடும்வரை வாய் கொப்பளிக்கவும் அதைப் பாவிக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள், அது அவருடைய வேலைகளில் ஒன்று.

குளிர்நாட்டிலிருந்து வருபவர்களுக்குத் தாகம் பிந்தித்தான் தெரியும். சிறுநீர் கடும் மஞ்சளானால் பிந்திவிட்டீர்கள். இருதயப் பலவீனமோ சிறுநீரக நோயோ இல்லாதவர் நாளைக்கு இரண்டரை, மூன்று லீற்றர் குடிக்கலாம். இருப்பவர் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். சிறுநீர் போக்கும் அழுத்தக் குளிசை எடுப்பவர்கள் வெயில் காலத்தில் எழும்பும்போது தலைசுற்றி விழுவதுண்டு. வர முன்பே வைத்தியரோடு இதைக் கதைத்து வையுங்கள்.

சாப்பாட்டில் கஷ்டம் இல்லை. குரக்கன் பிட்டு, இடியப்பம், சொதி, குளத்து மீன், மரக்கறி எல்லாம் கிடைக்கும். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் வரும். நீரிழிவு உள்ளவர்கள் கையை அடக்கத்தான் வேண்டும்.

நாளை வகுத்தல்

வெயிலும் கிராமத்தின் வேலை நேரமும் சேர்ந்துதான் உங்கள் அட்டவணையைப் போடும். விடிய ஐந்து மணிக்கு எழும்புங்கள். ஆறரைக்குள் முற்றம் கூட்டி, ஜெபம் முடித்து, சாப்பிட்டிருக்க வேண்டும். எட்டரையிலிருந்து பதினொன்று வரை ஒரு வேலை. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியே போகவே வேண்டாம். சமையல், நித்திரை, கடிதம், பாடம் ஆயத்தம். மூன்றரைக்குப் பிறகு இரண்டாவது வேலை. ஆறு மணிக்கு வீடு.

எந்த வேலையை எந்த நேரத்தில் வைப்பதென்பதில்தான் புதிதாக வருபவர்கள் பிழை விடுவார்கள். காலை ஒன்பது மணிக்கு வீட்டுச் சந்திப்புக்குப் போனால் கூலி வேலைக்குப் போனவர்கள் இருக்கமாட்டார்கள். கிழவர்களும் கைக்குழந்தைத் தாய்மாரும்தான் இருப்பார்கள். அவர்களைச் சந்திக்க அது நல்ல நேரம். உழைக்கிறவர்களைச் சந்திக்க மாலைதான். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, மாசி, பங்குனியில் அறுவடை: அந்தக் கிழமைகளில் ஜெபக் கூட்டத்துக்கு ஆள் குறைந்தால் மனம் சோர வேண்டாம், வயலுக்குத்தான் போயிருக்கிறார்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடலுக்குப் போய் வந்தவர்கள் பகலில் தூங்குவார்கள். கதவு சாத்தியிருந்தால் தட்டாதீர்கள். பாடசாலை ஒன்றரைக்கு விடும், அதற்குப் பிறகு ரியூசன். ஞாயிறு பாடசாலை நேரத்தில் ரியூசனும் வைப்பார்கள். பிள்ளைகளைத் திட்டாமல் போதகரோடு கதைத்து நேரத்தை மாற்றுவது புத்தி.

கிழமையில் ஒருநாள் முழு ஓய்வு. அது ஞாயிறாக இருக்க முடியாது, திங்களை வைத்துக்கொள்ளுங்கள், சபைக்கும் சொல்லிவையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம் என்று சொல்வோம். இருவரில் ஒருவர் படுத்தால் மற்றவர் பராமரிப்பாளராகிவிடுவார், இருவரின் ஊழியமும் அன்றே நின்றுவிடும்.

போதகருக்கு மேலே ஏறி வேலை செய்யாதீர்கள். நீங்கள் அவரைவிட இருபது வயது மூத்தவர்களாகவும் கனக்கப் படித்தவர்களாகவும் இருக்கலாம். வீடுவீடாகப் போய்வரும் பாதை, சாதி, பழைய பிணக்கு, யார் யாரோடு கதைப்பதில்லை என்ற கணக்கு எல்லாம் அவருக்குத்தான் தெரியும். முதல் ஆறு கிழமை அவரோ சபை மூப்பரோ கூட வராமல் ஒரு வீட்டுப் படலையும் திறக்க வேண்டாம். அயலில் பெரும்பாலும் சைவக் குடும்பங்கள். மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஒருமுறை விழுந்தால் நீங்கள் போன பிறகும் சபைதான் அதைச் சுமக்கும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், ஆவணி (ஓகஸ்ற்) 15ஆம் திகதி மடுத் திருவிழா: அந்த நாட்களில் கூட்டம் எதுவும் வைக்காதீர்கள், பஸ்ஸிலும் இடம் இராது.

வீட்டுச் சந்திப்பு

இளம் ஊழியர்களால் செய்ய முடியாததும் வயதுபோன தம்பதியரால் செய்ய முடிவதும் இதுதான்: அவசரப்படாமல் ஒரு வீட்டில் ஒரு மணித்தியாலம் இருப்பது. ஒரு காலைக்கு இரண்டு வீடு போதும்.

படலையில் நின்று கூப்பிடுங்கள். உங்களை ஐயா, அம்மா என்பார்கள். சின்னவர்கள் அங்கிள், அன்ரி என்பார்கள். பாயில் இருக்கச் சொன்னால், முழங்கால் நோ என்று சொல்லிக் கதிரை கேட்கலாம், ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள். தேத்தண்ணி தருவார்கள். மறுத்தால் மனம் நோகும், குடித்தால் நாலு வீட்டில் எட்டுக் கரண்டிச் சீனி. முதல் சந்திப்பிலேயே ‘சீனி வருத்தம், வெறும் தேத்தண்ணி தாங்கோ’ என்று சொல்லிவிட்டால் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். கொதித்த தண்ணீர் என்பதால் வயிற்றுக்கும் பிழையில்லை.

அம்மா கொஞ்ச நேரத்தில் குசினிப் பக்கம் போகலாம். ஐயா விறாந்தையில் இருக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஐயா தனியே போகவே கூடாது. போரில் கணவரை இழந்த குடும்பத் தலைவிகள் இங்கே நிறைய. அவர்கள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு சொல்வதை விறாந்தையில் சொல்லமாட்டார்கள்.

சுவரில் படங்கள் இருக்கும். மாலை போட்ட படமென்றால் அந்த ஆள் இறந்துவிட்டார். மாலை போடாத படத்தைக் கவனமாகப் பாருங்கள்: அது காணாமல் ஆக்கப்பட்டவரின் படமாக இருக்கலாம். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 மாசி (பெப்ரவரி) 20ஆம் திகதி வீதியோரத்தில் போராட்டம் தொடங்கினார்கள். தாய் அந்தப் பிள்ளைக்கு இன்னும் மாலை போடவில்லையென்றால் நீங்கள் ஜெபத்தில் மாலை போடக் கூடாது. ‘மரித்த ஆத்துமா’ என்று ஒரு சொல் தவறினாலும் அந்த வீட்டுப் படலை பிறகு திறக்காது. பெயரைக் கேட்டறிந்து, பெயர் சொல்லி ஜெபியுங்கள், அவ்வளவே.

என்ன நடந்தது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். 2009இல் எங்கே இருந்தீர்கள், எந்த முகாமில் இருந்தீர்கள், எத்தனை பேர் போனார்கள் என்ற கேள்விகள் விசாரணைக்காரரின் கேள்விகள். ஆட்கள் தாங்களாகச் சொல்லும்போது கேளுங்கள். இடையில் உங்கள் நாட்டுக் கதையையோ வேதவசனத்தையோ போட்டு அடைக்க வேண்டாம். அழுதால் அழ விடுங்கள். படம் எடுக்கக் கூடாது, ஒலிப்பதிவு கூடாது, இரவு முகநூலில் எழுதவே கூடாது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் வைகாசி (மே) 18, மாவீரர் நாளான கார்த்திகை (நவம்பர்) 27 ஆகிய நாட்களுக்கு முன்பின்னான கிழமைகளில் வீடுகள் கனத்துப் போயிருக்கும். பாட்டும் விளையாட்டும் அப்போது வேண்டாம்.

பிள்ளைகளோடு வேலை செய்யும்போது எப்போதும் பெரியவர் இருவர், திறந்த கதவு. பிள்ளையின் படத்தை நன்கொடையாளருக்கு அனுப்பும் வழக்கத்தை நீங்கள் தொடங்கி வைக்காதீர்கள்.

காசு

இரண்டாவது மாதத்தில் கேட்கத் தொடங்குவார்கள். கேட்பது பொய்யல்ல. நுண்கடன் கம்பனிகளிடம் கடன் எடுத்து, ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்த பெண்கள் பலர். கிழமைத் தவணைக்கு ஆள் படலையில் வந்து நிற்பான். அப்படியிருந்தும் கையால் காசு கொடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்தது பின்னேரத்துக்குள் பத்து வீட்டுக்குத் தெரியும். அதன்பிறகு நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜெபத்துக்காக வந்தவர்களாகப் பார்க்கமாட்டார்கள். கடனாகவும் கொடுக்க வேண்டாம். திருப்பித் தர முடியாதவர் உங்களைக் கண்டால் ஒளிப்பார், ஆலயத்துக்கும் வரமாட்டார்.

கொடுக்க விரும்பியதைச் சபைக் கணக்கில் பற்றுச்சீட்டோடு போட்டுவிடுங்கள். யாருக்கு, எவ்வளவு என்பதைப் போதகரும் சபைக் குழுவும் தீர்மானிக்கட்டும். வருத்தக்காரரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, கிளினிக்கில் கூட இருப்பது, பிரதேச செயலகத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது போன்றவற்றை நீங்களே செய்யலாம். உண்மையில் இவைதான் கனநாள் நிற்கும் உதவி.

வருத்தம் வந்தால்

வந்த முதல் கிழமையே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குச் சுகமாக இருக்கும்போதே ஒருமுறை போய்ப் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஒவ்வொன்றிலும் மாவட்ட வைத்தியசாலை உண்டு. பெரிய அலுவலுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, கிளிநொச்சியிலிருந்து 65 கிலோமீற்றர் அளவு. அம்புலன்ஸ் இலக்கம் 1990, கட்டணமில்லை. அந்த இலக்கத்தோடு வீட்டின் அடையாளத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: எந்தச் சந்தி, எந்த ஒழுங்கை, எந்த ஆலயத்துக்குப் பக்கத்தில். அவசரத்தில் இதைச் சொல்லத்தான் நாக்குத் தடுமாறும்.

மழைக்குப் பின் காய்ச்சல் வந்தால் டெங்கு என்றே எடுங்கள். பரசிற்றமோல் மட்டும். ஐபுபுரொபன், டைக்குளோபெனக் போன்ற நோக்குளிசை எதுவும் கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டும். இருதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர்கள் முதல் நாளே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளுக்குள் இரத்தம் பரிசோதியுங்கள். காய்ச்சல் விடும்போது சுகம் வந்துவிட்டதென்று நினைப்பார்கள். ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. வாந்தி, வயிற்றுவலி, சோர்வு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. வயல் தண்ணீரில் புண்ணோடு கால் வைத்தால் எலிக்காய்ச்சல் வரலாம். மலேரியாவுக்குப் பயப்பட வேண்டாம், 2016இல் இலங்கை அதிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, காலை அசைக்காமல், நேரே ஆஸ்பத்திரி. விஷகடி வைத்தியரிடம் போகச் சொல்லி அன்போடு கூப்பிடுவார்கள், பணிவாக மறுத்துவிடுங்கள்.

இன்சுலின் திறக்காதது பிறிட்ஜில், உறையும் தட்டுக்குத் தூரமாக. உறைந்தால் எறிய வேண்டியதுதான். பாவனையில் இருப்பது பெரும்பாலானவை 30 பாகைக்குக் கீழே நாலு கிழமை தாங்கும், ஆனால் சித்திரையில் அறைக்குள்ளேயே அதற்கு மேல் ஏறும். பெரிய மண்சட்டிக்குள் ஈரமணல், அதற்குள் சின்னச் சட்டி, மேலே ஈரத்துணி. மின்சாரம் போனாலும் இது வேலை செய்யும்.

பயணம்

கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். இரவு பஸ்ஸை விட்டுப் பகல் ரயிலில் வாருங்கள். முழங்காலை நீட்டலாம், மலசலகூடமும் உண்டு. உள்ளூரில் நம்பிக்கையான ஆட்டோக்காரர் ஒருவரைப் போதகர் மூலம் பிடித்து மாதக் கணக்காகப் பேசிக்கொள்ளுங்கள். இருட்டியபின் கிளைவீதிகளில் போகக் கூடாது: மாடுகள் தாரில் படுத்திருக்கும், உழவு இயந்திரங்களுக்குப் பின் லைற் இராது, காட்டோரங்களில் யானை நிற்கும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அது மிதிவெடி இருக்கும் நிலம். பலகை இல்லாத இடத்திலும் பற்றைக்குள் இறங்க வேண்டாம், ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலக வேண்டாம்.

விடைபெறும்போது

கடைசி ஆறு கிழமையில் புது வேலை எதையும் தொடங்காதீர்கள். சந்தித்த வீடுகள் ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன கிளினிக், எந்தப் படிவம் எந்த நிலையில், யாருக்கு யார் துணை என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிப் போதகரிடம் கொடுங்கள். குசினியில் நம்பிச் சொன்னவற்றை அதில் எழுத வேண்டாம். மீதி மருந்துகளை ஆட்களுக்குப் பகிராமல் மருந்தகத்திலோ ஆஸ்பத்திரியிலோ ஒப்படையுங்கள். தளபாடங்களைச் சபைக்கு எழுதிக் கொடுங்கள்; வீடுவீடாகப் பிரித்தால் கதிரை கிடைக்காத வீடு இருக்கும்.

திரும்பி வருவோம் என்று சொல்லாதீர்கள், நாள் தெரிந்தாலன்றி. இந்த வீடுகளில் வருவேன் என்று சொல்லிப் போனவர்களுக்காக இன்னும் காத்திருக்கிறார்கள். கிழமைக்கு ஒருநாள் தொலைபேசி எடுப்போம் என்று சொல்லுங்கள், எந்த நாள் என்றும் சொல்லுங்கள், அந்த நாளில் எடுங்கள்.